சமையல் மேடையும் துள்ளும் நாயும்: ஈஜோக் வட்டார வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என நீளும் தோட்டப்புறத்தில் நாயில்லாத தொழிலாளர் லயத்தைக் காண்பது அரிது. லயத்து நாய் வாசலுக்கும் கொல்லைக்கும் உரியது. பகலில் மரங்களுக்கிடையே ஓடித் திரியும், இரவில் காவல் காக்கும். மிச்சச் சோறும் கருவாட்டுத் தலையும் பின்வாசல் தட்டில் விழும். அடுப்படிக்குள் அது மூக்கை நீட்டினால் விறகுக்கட்டை பறந்து வரும். தோட்டத்தை விட்டுத் தாமான் வரிசை வீடுகளுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தபோது நாயும் கூடவே வந்தது. ஓடக் காடில்லை, வேலியைத் தாண்டினால் அண்டை வீட்டு மலாய்க்காரருக்குச் சங்கடம். அதனால் கதவு சாத்தப்பட்டது. காலை ஏழு மணிக்கு எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின், ஒரே கூரையின் கீழ் நாயும் குழம்புச் சட்டியும் தனித்திருக்கின்றன.

மேடையில் இருந்ததை இழுத்துத் தின்னும் நாயைக் கெட்ட நாய் என்கிறோம். அந்தப் பழக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தது மேடைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். எனவே திருத்தமும் மேடையிலிருந்தே தொடங்கவேண்டும்.

2. குற்றமும் குற்றமுகமும்

நற்பயன் தந்த செயல் மீண்டும் செய்யப்படும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்து விதியாகவே வகுத்தார். நாய் பின்னங்காலில் நின்று முன்னங்காலை மேடையில் ஊன்றுகிறது. உணவை மூடிய துடோங் சாஜி உருள்கிறது, பொரித்த கெம்போங் மீன் கிடைக்கிறது. பாடம் முடிந்தது. இதில் களவென்ற எண்ணத்துக்கு இடமே இல்லை.

"ஆள் இருக்கும்போது தொடமாட்டேங்குதே, அப்போ தப்புன்னு தெரியுதுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் கால், பிரோயர், காமின்ஸ்கி, டோமசெல்லோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் பார்த்துக்கொண்டிருந்தபோது விலக்கப்பட்ட உணவை நாய்கள் குறைவாகவே எடுத்தன. அவர் முதுகைக் காட்டியபோதும் கண்ணை மூடியபோதும் கூடுதலாக எடுத்தன. பின்னர் காமின்ஸ்கியும் குழுவினரும் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார்கள். உணவிருந்த இடம் இருட்டானபோது எடுத்தல் மிகுந்தது. நாய் நம் கண்ணை அளந்து வைத்திருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் "அவர் பார்த்தால் கிடைக்காது" என்று அறிவதும் "இது தவறு" என்று அறிவதும் வேறுவேறு.

சுருங்கிய காதும் தாழ்ந்த தலையுமான அந்தக் குற்றமுகம்? ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் அதைத்தான் சோதித்தார். நாய் தின்றதா இல்லையா என்பது பற்றி உரிமையாளரிடம் சில வேளை பொய்த்தகவல் தரப்பட்டது. குற்றமுகம் வந்தது தின்ற நாய்க்கல்ல, திட்டு வாங்கிய நாய்க்கு. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. மாலையில் வீடு திரும்பி, காலிச் சட்டியைக் காட்டி நாயிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் வெட்கப்படலாம்.

3. ரோத்தான் பிரம்பு ஏன் தோற்கிறது

ரிச்சர்ட் சாலமனும் துணை ஆய்வாளர்களும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. விலக்கப்பட்ட இறைச்சியைத் தொட்டபோது சில நாய்களுக்கு உடனே அடி விழுந்தது. சிலவற்றுக்கு 5 நொடி கழித்து, சிலவற்றுக்கு 15 நொடி கழித்து விழுந்தது. பிறகு ஆளில்லாத அறையில் இறைச்சியோடு விடப்பட்டன. உடனடி அடி வாங்கியவை நாள்கணக்கில் தொடவில்லை. 15 நொடித் தாமதத்தில் வாங்கியவை சில நிமிடங்களிலேயே தின்னத் தொடங்கின. 15 நொடிக்கே இந்தக் கதி என்றால், காலை பத்து மணித் தீனிக்கு மாலை ஆறு மணிக்கு விழும் ரோத்தான் எதைக் கற்பிக்கும்? வீட்டுக்கு வரும் மனிதரைக் கண்டால் பதுங்கவேண்டும் என்பதை மட்டும்தான்.

அந்த ஆய்வைச் சாக்காக வைத்து "அப்படியானால் உடனே அடிக்கலாம்" என்பாரும் உண்டு. வீட்டில் யாரும் நாள் முழுதும் மேடையருகே காத்திருக்க முடியாது. அச்சத்தில் கடிக்கும் நாய், தின்னும் நாயைவிடப் பெரிய தொல்லை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

4. ஓட்டத்தின் பங்கு

ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, இவற்றின் கலப்புகள் எல்லாம் நாளெல்லாம் உழைக்கப் பிறந்தவை; ஓட்டமின்றி அடைபட்டால் அந்த வேகம் மேடையின் பக்கம் திரும்பும். லாப்ரடோருக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அவ்வினத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடங்குதலோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் குறை இருப்பதைக் கண்டார்கள். அத்தகைய நாயின் பேராசை வளர்ப்பின் குறையன்று.

ஓட்டத்துக்கும் நேரம் பார்க்கவேண்டும்: வெயிலேறிய தாரில் நடத்தினால் பாதம் வேகும். விடிகாலையும் பொழுது சாய்ந்த பிறகுமே உகந்த நேரம். ஆனால் ஓட்டம் மட்டும் போதாது. ஓட ஓட நாய்க்கு இன்னும் ஓடும் திறன்தான் வளரும். மூக்கால் தேடும் வேலை அதைவிட விரைவில் அடக்கும். காலைத் தீனியைத் தட்டில் கொட்டாமல் புல்லில் தூவிவிட்டால் அரைமணி நேரம் தேடித் தின்னும், பிறகு படுக்கும்.

5. பழக்கும் முறை

முதல் வேலை நாய்க்கன்று, வீட்டாருக்கு. பத்து முறை ஏறி ஒருமுறை மட்டும் கோழித்துண்டு கிடைத்தாலும் பழக்கம் மறையாது. எப்போதாவது கிடைக்கும் பயன்தான் பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்துவைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் வழி ஆய்வுகளின் தெளிந்த முடிவு. நான்கு இலக்கக் குலுக்கலில் பரிசு விழுந்தவர் பிறகு கடையை விட்டு நகராததுபோல. ஆகவே வீட்டில் ஆளில்லாதபோது மேடை துடைத்துக் காலியாக இருக்கவேண்டும், அல்லது அடுப்படிக்குத் தடுப்புக் கதவு வேண்டும். பயன் நின்ற தொடக்கத்தில் நாய் முன்னைவிட மூர்க்கமாக முயலும். "பலிக்கவில்லை" என்று பலர் கைவிடுவது அப்போதுதான். உண்மையில் அந்த மூர்க்கம் பழக்கம் கரையத் தொடங்கியதன் அடையாளம்.

வீட்டில் ஆளிருக்கும்போது செய்யவேண்டியது வேறு. மேடையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சாக்கு அல்லது பழைய பாய் விரிக்கவேண்டும். நாய் அதில் கால் வைத்தவுடன் தீனித்துண்டு பாயின்மேல் விழவேண்டும். மேடையிலிருந்து கையால் நேராக ஊட்டக்கூடாது. முதலில் காலி மேடை, பிறகு மூடிய சட்டி, வெட்டிய காய், கடைசியில் பொரித்த மீன். கூடவே "விடு" என்ற ஒரே சொல். அப்பா "விடு", அம்மா "வேணாம்", பிள்ளை "நோ" என்றால் நாய் எதையும் கற்காது. மிகப்பெரிய இடையூறு பெரும்பாலும் பாட்டிதான். தோசை சுடும்போது ஓரத்தைக் கிள்ளி மேடையிலிருந்தே போடுவார். அவரை மாற்ற முயல்வது வீண். பாயின்மேல் போடச் சொன்னால் அவரே சிறந்த பயிற்சியாளர் ஆகிவிடுவார்.

பிறகு அறையை விட்டு நகர்ந்து, சன்னல் வழியே பார்த்தபடி நேரத்தைச் சிறிதுசிறிதாக நீட்டலாம். கண்ணை அளக்கும் பிராணிக்கு, கண்ணில்லாத நேரத்திலும் பாயில்தான் லாபம் என்று தெரியவேண்டும்.

6. மேடையில் இருக்கும் நஞ்சு

நம் சமையலில் நாய்க்கு ஆகாதவை ஏராளம். வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அதன் தீங்கு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் ஆபத்தான அளவு. 10 கிலோ நாய்க்கு 150 கிராமே எல்லை, ஆட்டுக்கறிக் குழம்பில் அது எளிதில் வந்துவிடும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தனர். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களிடமும் அத்தகைய பாதிப்பைப் பின்னர் பதிவுசெய்தார்கள். கரைக்க ஊறவைத்த புளி உருண்டை மேடையில் கிடக்காத தமிழ் வீடு ஏது? வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கலாம்.

வீட்டுக்கு வெளியே இன்னொரு நஞ்சு உண்டு: எலிமருந்து. 1917இல் இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் ஹென்றி ஃபொக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். செம்பனைப் பழத்தோடு எலியும் பெருகியது. ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் உண்டு, எலிமருந்துக் கட்டிகளை மரத்தடியில் வைப்பவையும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த மருந்தைத் தின்ற நாய் சில நாள் நன்றாகவே இருக்கும், பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசியும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், காலத்தோடு கொண்டுபோனால். அடுப்படியில் மீனுக்காகப் பழக்கிய "விடு" செம்பனை வரிசையிலும் செல்லுபடியாகும்வரை நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்துவதும், எந்தக் காட்டில் மருந்து போட்டிருக்கிறார்கள் என்று தோட்டக் கண்காணியான மண்டோரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகாதிருப்பதும் நல்லது.