சிறாப்பரின் மேசையிலிருந்து எண்ணிம முகாமையாளரின் திரை வரை

வங்கிகள் வெளியிடும் வேலை விளம்பரங்களில் அண்மைக்காலமாக ஒரு புதிய பதவியின் பெயர் அடிக்கடி காணப்படுகின்றது. எண்ணிம வங்கிச் சேவை முகாமையாளர் என்பது அப்பெயர். வங்கியாளர் தம் பேச்சில் டிஜிட்டல் முகாமையாளர் என்பர். இவருக்குக் கிளையில்லை. இரும்புப் பெட்டகத்தின் சாவியும் இவர் கையில் இல்லை. கைத்தொலைபேசிச் செயலியில் எத்தனை பேர் புதிதாகப் பதிந்தனர், எத்தனை கொடுக்கல் வாங்கல்கள் இடைநடுவில் முறிந்தன, மோசடி எங்கே நிகழ்ந்தது, எந்த முறைப்பாடு இன்னும் தீர்க்கப்படாது கிடக்கின்றது என்பனவே இவரின் அன்றாடக் கவலைகள்.

இப்பதவியைக் கணனி பெற்ற குழந்தை என மட்டும் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடன் கேட்டு வருபவனை அறிந்தவர் யார், அவனுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினா, இந்நாட்டில் வங்கி தோன்றிய நாள் முதலாகவே இருந்து வருவதாகும். வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, இன்றைய முகாமையாளருக்கு ஒரு மூதாதை இருந்தமை புலனாகும். அவரே சிறாப்பர்.

1864ஆம் ஆண்டில் சென்னை வங்கி கொழும்பில் கால்கொண்டது. 1892இல் ஹொங்கொங் வங்கி வந்தது. இவை நம் மக்களுக்காக வந்தவையல்ல. முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் கப்பலேறுவதற்கு வேண்டிய பணத்தைப் புரட்டிக் கொடுப்பதே அவற்றின் தொழில். கோப்பி நோயுற்று அழிந்தபோது அதில் முதலிட்டிருந்த ஓரியன்ரல் வங்கியும் 1884இல் விழுந்தது. அதன் நாணயத்தாள்களைக் கையில் வைத்திருந்தோரைக் காக்கத் தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் பெயரால் உறுதியளிக்க நேர்ந்தது. தனியார் வங்கியின் நட்டத்தைப் பொதுப்பணம் சுமக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை வாசகர் கவனிக்க.

ஆங்கிலேய முகாமையாளருக்குத் தோட்டத்துரையைத் தெரியும். புறக்கோட்டை வியாபாரியைத் தெரியாது. அவ்வியாபாரியின் மொழியும், குடும்பமும், சரக்கின் பெறுமதியும் அவருக்கு இருட்டறையே. அந்த இருட்டறைக்கு விளக்குப் பிடிக்க அமர்த்தப்பட்டவரே பிணைநின்ற சிறாப்பர். இவர் வங்கியிற் பிணைப்பணம் கட்டுவார். காசாளர்களைத் தம் பொறுப்பில் வைப்பார். சுதேசிக்குக் கடன் கொடுக்கலாமா என்பதில் இவர் வாக்கே செல்லும். இந்நிலையில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிகளிடம் குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று, அதனையே கூடிய வட்டிக்கு உள்ளூராருக்குக் கொடுத்தனர். செட்டியார் தெருவின் செழிப்பை அவர்தம் பேராசையால் மட்டும் விளக்குவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர். சுதேசிக்கு நேராகக் கடன் கொடுக்க மறுத்த வெள்ளையர் வங்கிகளே அவ்விடைவெளியை உண்டாக்கின என்பது மற்றப் பாதி.

மலைநாட்டில் நிலைமை இன்னும் கொடியது. அங்கு வங்கி எட்டிய எல்லை துரையின் பங்களாவோடு முடிந்தது. தொழிலாளி அறிந்த கடன் கங்காணியின் கடனே. அக்கடனின் அளவைக் குறித்து, அதனைச் செலுத்தும் தோட்டத்துக்குத் தொழிலாளரை விடுவிப்பதாக எழுதிய சிறு கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். மனிதனின் பெயரோடு அவன் கடன் ஒட்டப்பட்டு, அவன் எங்கு போகலாம், போகக்கூடாது என்பதை அக்கடதாசி தீர்மானித்தது. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கடன் பற்றிய ஓர் ஏடு மனிதனுக்கு முன்னே நடந்து செல்லலாம் என்ற அந்த எண்ணத்தை நாம் மறந்துவிடலாகாது. பின்னர் அதனிடம் திரும்புவோம்.

1925இல் செட்டிமாரின் தொழிலகம் முறிவுற்றபோது வங்கிகள் அச்சங்கொண்டு கைகளை இறுக்கின. அடுத்துவந்த உலகப் பெருமந்தம் எஞ்சியதையும் நசுக்கிற்று. சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் 1934இல் அறிக்கையளித்த வங்கி ஆணைக்குழு, அரசின் துணையோடு ஒரு சுதேச வங்கி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி, இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அது பெரும் முன்னேற்றமே. ஆனால் அதன் படிகளில் ஏறத் துணிந்தவன் ஆங்கிலம் அறிந்தவனாகவும் ஈடு வைக்கச் சொத்துடையவனாகவும் இருந்தான். உழவன் வெளியிலேயே நின்றான்.

அவனை உள்ளே அழைக்க உண்மையான முயற்சி 1961இல் நடைபெற்றது. அவ்வாண்டில் இலங்கை வங்கி தேசியமயமாயிற்று. கூட்டுறவுச் சமஷ்டி வங்கியை உள்வாங்கி மக்கள் வங்கி பிறந்தது. பிறநாட்டு வங்கிகள் இலங்கைப் பிரசைகளிடம் புதிதாக வைப்பு ஏற்பது தடுக்கப்பட்டது. 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தோன்றின. சங்கக்கடையின் ஓரத்திலே ஒரு மேசை, ஒரு பேரேடு, ஊரை அறிந்த ஓர் இலிகிதர்: சிறாப்பரின் அறிவு முதன்முறையாகப் பொதுச்சொத்தாகும் வாய்ப்புப் பெற்றது அங்கேதான் என்போம்.

அவ்விலிகிதரின் கதையையும் கூறாது விடுதல் தகாது. 1972இல் வங்கி ஊழியர் நடத்திய வேலைநிறுத்தம் 108 நாட்கள் நீடித்தது. அப்போது நிதியமைச்சராய் இருந்தவர் இடதுசாரித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா. அரசு விட்டுக்கொடுக்க மறுத்தது. நம்மவர் இதைப் பேசக் கூச்சப்படுவர். தேசியமயமாக்கிய வங்கியில் தொழிலாளியின் இடம் யாது என்ற வினாவை அன்று நாம் முடிவுவரை சிந்திக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

1979இன் பின் பிறநாட்டு வங்கிகள் மீண்டும் வந்தன, இயந்திரங்களும் வந்தன. 2006 முதல் காசோலைக் கடதாசி கொழும்புக்குப் பயணஞ் செய்வதில்லை. அதன் படிமமே செல்கின்றது. 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் கணப்பொழுதிற் பாய்கின்றது. 2018இல் சந்தைக் கடைகளுக்கும் பொதுவான கட்டங்கட்டக் குறியீடு அறிமுகமாயிற்று. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் காசைத் தாய் வரிசையில் நில்லாது பெறுவது சிறிய நன்மையன்று. இயந்திரத்தை நாம் பகைக்கவில்லை.

ஆயின் நமது கவனம் வேறொன்றின்மீது செல்கின்றது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கடன் தகவற் பணியகம் நிறுவப்பட்டது. மக்கள் அதனைக் ‘கிறிப்’ என்பர். யார் எங்கே கடன்பட்டார், எத்தவணையைத் தவறவிட்டார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். சிறாப்பரின் மனத்திலிருந்த பேரேடு இப்போது அங்கு இருக்கின்றது. எண்ணிம முகாமையாளர் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தைப் பார்க்கும் பொறியின் விதிகளையே பார்க்கின்றார். அவ்விதிகள் மாதச் சம்பளக்காரனை எளிதில் அறியும். மழையை நம்பி மிளகாய் நடுபவனை எவ்வாறு அறியும்? அவன் சென்ற ஆண்டு வெள்ளத்தால் தவணை தவறினான் என்பதைப் பழைய கிராமிய வங்கி இலிகிதர் தம் கண்ணாற் கண்டிருப்பார். திரையிலே தவறிய தவணை மட்டும் தெரியும்.

வங்கி அறியாதவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் நாம் கண்டோம். நுண்கடன் நிறுவனங்களிடம் சிக்கிய பெண்களின் துயரம் பெருகி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கங்காணியின் இடத்தில் வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் வரும் தண்டற்காரர் நின்றார்.

முகாமையாளரைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. அவரும் இலக்கத்துக்கு அடிமைப்பட்ட ஊழியரே. நள்ளிரவில் செயலி நின்றுவிட்டால் அவரின் தொலைபேசியே அலறும். முன்னாள் முகாமையாளர் ‘இல்லை’ என்று சொன்னால் வாடிக்கையாளர் எதிரே நின்று வாதாடலாம். இவரோ, தம் பெயரால் மறுக்கப்பட்டவரின் முகத்தையே காண்பதில்லை.

துண்டுக்கும் கிறிப் அறிக்கைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத் தொழிலாளி தன் துண்டில் எழுதியிருந்ததைப் பெரும்பாலும் வாசிக்க அறியான். வாசித்தாலும் திருத்த வழியில்லை. இன்று எவரும் சிறு கட்டணம் செலுத்தித் தம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டுப் பெறலாம், பிழையிருப்பின் முறையிடலாம். கிராமங்களிற் கற்பிக்கும் நம் ஆசிரியருள் எத்தனை பேர் இதனை மாணவரின் பெற்றோருக்குச் சொல்லியிருக்கின்றோம்?