கெணறும் கம்ப்யூட்டரும்

சோமனூர் தறிச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து எழுதறேன், பிழையிருந்தா பொறுத்துக்குங்க :-)

எங்க பழைய கெணத்தைத் தூர்த்துட்டு தறிக்குடோன் போடலாம்னு வீட்டுல பேச்சு வந்துச்சு. "தண்ணியில்லாத கெணறு எதுக்கு?"னு கேட்டாங்க. பதில் தேடப்போய் கிடைச்ச கதை இது.

பிரான்சுல திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி. மணல் நிரப்பின குழாயில தண்ணிய விட்டு அளந்து, 1856ல ஒரு விதி சொன்னார். நீர்மட்ட வித்தியாசம் கூடினா ஓட்டமும் கூடும். மணலோட நீளம் கூடினா ஓட்டம் குறையும். அவ்வளவுதான்! 1984ல அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' நிரலும் இதே விதியிலதான் ஓடுது. நிலத்தைச் சின்னச்சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் வரவு செலவு போடும். மழை வரவு, போர் செலவு. நகரம்னா கணக்கு இன்னும் சிக்கல். சிமெண்ட் ரோடு மழையை உள்ள விடாது; உடைஞ்ச குழாயும் செப்டிக் டேங்கும் தண்ணிய இறக்கும்.

டார்சி அளந்தது மணலை. நம்ம கொங்கு மண்ணுலயோ கொஞ்சம் தோண்டினாலே பாறை. தண்ணி வெடிப்பு வழியாத்தான் போகும். அதனால கம்ப்யூட்டர் சொல்றதை நெசக் கெணத்து மட்டத்தோட ஒப்பிட்டுப் பாக்காம நம்ப முடியாது.

இது ஏன் முக்கியம்? நொய்யல்ல 1992ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையில திருப்பூர் சாயத்தண்ணிதான் தேங்குச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. ஆத்துல விடறதை உத்தரவால நிறுத்தலாம். ஏற்கனவே பாறைக்குள்ள இறங்கின உப்பு உத்தரவுக்குக் கட்டுப்படுமா? அது எந்தப்பக்கம் போகும், எப்பக் குறையும்னு கணிக்க மாடல் வேணும். மாடலுக்குப் பல வருச அளவு வேணும். அளக்கக் கெணறு வேணும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு வருசத்துக்கு நாலு தடவை கண்காணிப்புக் கெணறுகள்ல அளக்குது. எங்க அப்பாரு படியை எண்ணி, "இந்த வருசம் பதினெட்டாம் படிடா"ம்பாரு. அதுவும் இதே வேலைதான். என்ன, அவரு எழுதி வைக்கல.

கெணத்தைத் தூர்க்கறதை இப்போதைக்குத் தள்ளி வச்சாச்சு. ஒரு நோட்டும் போட்டுட்டேன். உங்கூர்க் கெணத்துல தண்ணி எத்தனாவது படியிலங்க?