எழுதப்படாத ஒப்பந்தம்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. சுமார் 40 வினாடிகளில் வானிலேயே சிதறியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராயச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன.

ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு ஜூலையில் அளித்த அறிக்கையை வாசிக்கையில் வியப்பூட்டுவது பிழையின் சிறுமைதான். ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் அளக்கும் கருவியின் மென்பொருள், ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண்ணொன்றை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றும். அதில் 32,767க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட் அந்த எல்லையை எட்டவே வழியில்லை. புதியதன் கிடைவேகமோ மிக அதிகம். கொடுமை என்னவென்றால், தரையைவிட்டு எழும்பியபின் ஏரியான் 5க்கு அந்தக் கணக்கே தேவையில்லை!

இத்தகைய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே காப்பு இருந்தது. கணிப்பொறியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள். ஆய்ந்தெடுத்த முடிவுதான். ஆனால் அதன் காரணம் நிரலில் எழுதப்படவில்லை.

1997 ஜனவரியில் பெர்ட்ரான்ட் மெயரும் ழான்-மார்க் ழெஸெக்கெலும் எழுதிய கட்டுரை இந்த மௌனத்தையே சுட்டியது. ஐஃபல் மொழியை உருவாக்கிய மெயரின் கோட்பாட்டில் ஒவ்வொரு செயற்கூறும் ஓர் ஒப்பந்தம். அழைப்பவர் முன்நிபந்தனையை நிறைவேற்றினால் பின்நிபந்தனைக்குச் செயற்கூறு பொறுப்பேற்கும். பிழை நேரின் நேர்மையான வழிகள் இரண்டே: நிலையைச் சீர்செய்து மறுபடி முயல்வது, இயலாதெனில், தோற்றேன் என்று அழைத்தவரிடம் அறிவித்து விலகுவது. அன்று கருவி தன் தோல்வியை அறிவிக்கத்தான் செய்தது. முதன்மைக் கணிப்பொறியோ அந்தப் பிழைக்குறிப்பைப் பறத்தல் தரவென்று கொண்டு, ராக்கெட்டைத் தவறான பக்கம் திருப்பியது. மாற்றுக் கருவி? அதிலும் அதே நிரல். 72 மில்லி வினாடிக்கு முன்பே அது நின்றுபோயிருந்தது.

மெயரின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. நிபந்தனையை எழுதி வைத்திருந்தாலும், புதிய பாதையின் தரவுகளோடு சோதிக்காதவரை என்ன பயன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வியே. ஆயினும் எழுதியிருந்தால் யாரேனும் ஒரு பொறியாளர் அவ்வரியை வாசித்து ஐயுற்றிருக்கக் கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் மீண்டும் செய்யப்பட்டு, 2000இல் பைக்கனூரிலிருந்து சோயுஸ் ராக்கெட்டுகளில் விண்ணேறின.