குடியிருக்க ஓர் இடம்: சிரவணபெளகொளக் கல்வெட்டுகள் சொல்வது

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன், பாத்திர வியாபாரி. கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கையாளர் வராத நேரத்தில் படித்தவன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூரில் நயினார் குடும்பத்தில் பிறந்தவன் நான். இருபத்தோரு வயதில், 1979ல், பெங்களூர் வந்தேன். இப்போது கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். அறுபது கடந்த வெளியூர்த் தமிழர் யாரைச் சந்தித்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "கடைசிக் காலத்துல எங்க போய் இருக்கறதா உத்தேசம்?" சிலர் சொந்த ஊர் என்பார்கள். சிலர் காசி, சிலர் ஊட்டி. என் உத்தேசம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றே. அது சிரவணபெளகொளா.

கனவு பிறந்த கதை

1981 பிப்ரவரியில் கோமடேசுவரருக்கு ஆயிரமாவது ஆண்டு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போனேன். கன்னடம் அப்போது எனக்குச் சரியாக வராது. வேலை பார்த்த கடையில் நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். விந்தியகிரியில் அறுநூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறி, சுமார் 58 அடி உயரமுள்ள அந்த ஒற்றைக்கல் திருமேனியைக் கண்டேன். கூட்டம் கொஞ்சம் விலகியபோது ஒரு பெரியவர் திருவடிப் பக்கத்துக் கல்வெட்டைக் காட்டினார். கங்க மன்னன் ராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் இதைச் செய்வித்தார் என்ற செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் இருப்பதோடு தமிழிலும் இருக்கிறது. தமிழ் வாசகம் கிரந்தமும் வட்டெழுத்துமாகப் பொறிக்கப்பட்டது. எனக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியவில்லை. ஆனாலும், "தமிழுக்கு இங்கே ஆயிரம் வருஷமாக இடம் இருக்கிறது, நமக்கும் இருக்கும்" என்று அன்றைக்கு மனசு சொல்லிற்று.

ஊர்ப் பெயரும் நமக்கு அந்நியம் அன்று. கன்னடத்தில் 'பெள்' என்றால் வெண்மை, 'கொள' என்றால் குளம். நம் 'வெள்', 'குளம்' என்னும் சொற்களே அவை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே அந்தக் குளம் இன்றும் இருக்கிறது.

முதலில் வந்தவர்கள்

வியாபாரம் சற்று நிலைத்தபின் பழைய புத்தகக் கடைகளில் தேடி, 'எபிகிராபியா கர்நாடிகா' இரண்டாம் தொகுதியைப் பிடித்தேன். லூயிஸ் ரைஸ் 1889ல் வெளியிட்டதை ஆர். நரசிம்மாச்சார் விரிவாக்கி 1923ல் பதிப்பித்தது. அதில் ஐந்நூறு கல்வெட்டுகள் உள்ளன. அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்கப் பல வருஷம் ஆயிற்று.

சின்ன மலையான சந்திரகிரிக்குப் பழைய பெயர் கடவப்ரம், கன்னடத்தில் கள்பப்பு. அங்குள்ள கி.பி. 600 அளவிலான கல்வெட்டுதான் தொகுதியின் முதல் கல்வெட்டு. உச்சயினியில் பத்திரபாகு முனிவர் பன்னிரண்டு ஆண்டுத் துன்பகாலம் வரப்போவதை முன்னறிந்து சொன்னார் என்றும், சங்கம் முழுவதும் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்தது என்றும், ஆசாரியர் பிரபாசந்திரர் இம்மலையில் சமாதி எய்தினார் என்றும் அது கூறுகிறது. பத்திரபாகுவையும் சந்திரகுப்த முனிவரையும் இணைத்துப் பேசும் கல்வெட்டு அதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது. மௌரியப் பேரரசர் சந்திரகுப்தர் முடிதுறந்து குருவோடு வந்து, குரு மறைந்தபின் அவர் திருவடியை வழிபட்டுக்கொண்டு இங்கேயே தங்கி முடிந்தார் என்பது நம் மரபு.

இதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. முதல் கல்வெட்டில் சந்திரகுப்தர் பெயரே இல்லை. கி.பி. 931ல் அரிசேணர் இயற்றிய 'பிருகத்கதாகோசம்', பத்திரபாகு அவந்தி நாட்டிலேயே முடிந்தார் என்றும், சந்திரகுப்தரே விசாகாசாரியர் என்னும் பெயரோடு சங்கத்தைப் புன்னாட்டுக்கு நடத்திச் சென்றார் என்றும் வேறு விதமாகச் சொல்கிறது. மௌரியர் காலத்துக்கும் முதல் கல்வெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 900 ஆண்டு இடைவெளி. மரபை நான் நம்புகிறேன். ஆனால் வரலாறு என்று எழுதும்போது இடைவெளியை மறைக்கக் கூடாது. தராசில் கைவைத்து நிறுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம்.

தனியாக வந்தவர் யார்?

சந்திரகிரியின் தொன்மையான கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சல்லேகனை நோற்று முடிந்தவர்களின் நினைவுக் கல்வெட்டுகள். சல்லேகனை என்பது ஆசாரியர் அனுமதியோடு உணவைப் படிப்படியாகத் துறந்து முடியும் நோன்பு. நம் சங்க நூல்களின் வடக்கிருத்தலோடு இதை ஒப்பிடுவார்கள். முனிவர், ஆரியாங்கனை, இல்லறத்தார் என்று எல்லாத் தரப்பினரும் அங்கே இருக்கிறார்கள். இராட்டிரகூட வமிசத்தின் நான்காம் இந்திரன், அரசை இழந்தபின் 982ல் இங்கே முடிந்தான்.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம், "பார், எல்லோரும் இந்த மலையைத் தேடி வந்திருக்கிறார்கள்" என்றே எனக்குத் தோன்றும். மலைதான் பெரிது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை அசைத்தவை இரண்டு கல்வெட்டுகள்.

ஒன்று கங்க மன்னன் மாரசிம்மனைப் பற்றியது. பெளகொளா அவன் ஆட்சிக்கு உட்பட்ட பூமி. அவன் புகழ் பாடும் தூணே சந்திரகிரியில்தான் நிற்கிறது. ஆனால் அவன் முடிந்தது இங்கே அன்று. 975 வாக்கில், பங்காபுரத்தில், தன் குரு அஜிதசேனரின் முன்னிலையில் நோன்பிருந்து முடிந்தான். மலை இங்கே இருந்தும், குரு இருந்த இடத்துக்கே அவன் போயிருக்கிறான்.

மற்றொன்று மாசிக்கப்பையைப் பற்றியது. ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலையின் தாயார் அவர். சந்திரகிரியில் 1123ல் ஒரு பசதியை எடுப்பித்தவள் அந்தச் சாந்தலை. 1131ல் அவள் சிவகங்கையில் இறந்தாள். மகளைப் பறிகொடுத்த தாய் பெளகொளாவுக்கு வந்து, குருமார்கள் சூழ ஒரு மாதம் நோன்பிருந்து முடிந்தார். அவர் வந்தது மகள் கோயில் கட்டிய குன்றுக்கு.

நம் செஞ்சிப் பக்கத்துத் திருநாதர்குன்றுக் கல்வெட்டும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த கல். தனக்குத் தானே யாரும் நிசீதிகை வெட்டிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும், கடைசி மூச்சு வரை கூட இருந்த ஒருவர் இருக்கிறார். இது இத்தனை வருஷம் என் கண்ணில் படவில்லை.

1368 சொல்வது

அங்கே நான் அதிகம் போற்றும் கல்வெட்டு விஜயநகர புக்கராயனுடையது. ஆண்டு 1368. தங்களுக்கு வைணவர்கள் இழைத்த அநியாயத்தைச் சமணர்கள் மன்னனிடம் முறையிட்டார்கள். திருவரங்கம், காஞ்சி, திருமலை, மேல்கோட்டை முதலிய தலங்களின் ஆசாரியர்களும் முக்கியஸ்தர்களும் கூடிய சபையில், மன்னன் சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் கொடுத்தான். இரு தரிசனத்துக்கும் பேதமில்லை என்றும், சமணருக்கு வரும் நன்மை தீமையை வைணவர்கள் தம்முடையதாகவே கருத வேண்டும் என்றும் விதித்தான்.

அதோடு விடவில்லை. சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் திரட்டி, பெளகொளாவில் இருபது காவலாட்களை வைத்து, மிச்சப் பணத்தில் பாழான ஜினாலயங்களைப் பழுதுபார்ப்பது என்று ஏற்பாடு. அதை நடத்தும் பொறுப்பு யாரிடம்? திருமலைத் தாத்தய்யா என்னும் வைணவரிடம். வியாபாரியின் கண்ணுக்கு இதுதான் முக்கியம். அன்பாக இருங்கள் என்று சொன்னதோடு நிறுத்தாமல், ஆள் கணக்கு, பணக் கணக்கு, பொறுப்பாளி எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓர் இடம் குடியிருக்கத் தக்கதாவது இப்படித்தான்.

மனையும் மனைவியும்

2017ல் பெங்களூர்–ஹாசன் ரயில் பெளகொளா வழியாக நேராக ஓடத் தொடங்கியது. என் ஆசைக்கும் சக்கரம் முளைத்தது. போன வருஷம் அடிவாரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. பத்திரமெல்லாம் சரியாக இருந்தது. முன்பணம் கொடுக்க நாளும் பார்த்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். என் துணைவியார் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அங்க நமக்கு யாரு இருக்கா?"

"பகவான் இருக்கார்" என்றேன்.

"அவரு இங்கயும் இருக்கார். 91ல விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி நமக்குச் சோறு போட்டாங்களே அக்கா, அவங்க இங்கதான இருக்காங்க?"

விவரம் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் இங்கே கலவரம் மூண்டது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் சொந்தக் கடை போட்டு மூன்று வருஷம். எதிரே மாவுமில் வைத்திருந்த கன்னடக்காரர், தம் மில் பலகையைக் கழற்றி வந்து என் கடைக் கதவில் மாட்டினார். தாமே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தார், இரண்டு பகல் இரண்டு இரவு. நாங்களும் குழந்தைகளும் அவர் வீட்டு மாடியில் இருந்தோம். ஊரடங்கு, அடுப்பு மூட்டவே பயமான நேரம். அவர் சம்சாரம் மட்டும், "இவங்க இருட்டினப்புறம் சாப்பிட மாட்டாங்க" என்று நினைவு வைத்துக்கொண்டு, இரண்டு நாளும் சூரியன் இறங்கும் முன்னே எங்களுக்கு இலை போட்டார்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அந்த அம்மாளுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது, கண் சரியாகத் தெரியாது. என் துணைவியார் தினம் மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார்.

புக்கராயன் கல்வெட்டை எத்தனை முறை படித்திருப்பேன்! என் தெருவில் எனக்கே நடந்ததை அதோடு சேர்த்துப் பார்க்க, படிப்பில்லாத என் துணைவியார் சொல்லவேண்டி இருந்தது. மாரசிம்மன் ஏன் பங்காபுரம் போனான் என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தவனுக்கு விடை வீட்டிலேயே இருந்தது.

மனைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷத்து ஆசை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மாதம் ஒரு தடவை ரயிலேறிப் போகிறேன். பெரிய மலை ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. சின்ன மலை ஏறி, நரசிம்மாச்சார் பதிப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு கல்வெட்டைப் படித்துவிட்டுப் பொழுது சாயும் முன் இறங்கிவிடுவேன்.

பிறந்த ஊரை விட்டு வந்து, முடிவாக எங்கே இருப்பது என்று யோசிக்கும் சங்க அன்பர்களுக்கு என் சிறு விண்ணப்பம் இதுதான். ஊர், தண்ணீர், காற்று, மருத்துவமனை எல்லாம் விசாரியுங்கள், தவறில்லை. கூடவே, உங்கள் கடைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் கணக்குப் பாருங்கள். நீங்கள் யார் வாசலில் அப்படி உட்காருவீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த முறை பெளகொளா போகிறவர்கள், கோமடேசுவரரை வணங்கியபின், 1368ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.