பாதிரியாரின் இன்ஜினும் நின்றுதான் போனது



பிள்ளைகளோடு சேர்ந்து குளிர்பான டின்னில் ஸ்டர்லிங் இன்ஜின் செய்துவிட்டு, "சார், ஓடவே மாட்டேங்குது" என்று சிலர் படம் அனுப்புகிறீர்கள். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு வரலாற்றைக் கேளுங்கள். உங்கள் டின்னில் வரும் கோளாறுகளோடு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மல்லுக்கு நின்றிருக்கிறார்.

முதலில் அது வேலை செய்யும் விதம். டின்னுக்குள் அடைபட்ட காற்றுதான் எல்லாம். அடிப்பக்கம் மெழுகுவர்த்தி, மேல்பக்கம் குளிர்ந்த நீர். உள்ளே தளர்வாக ஏறி இறங்கும் உருளை, காற்றைக் கீழும் மேலுமாக மாற்றுகிறது. சூடான பக்கம் வந்த காற்று விரிந்து பலூனை உப்ப வைக்கும். குளிர்ந்த பக்கம் போனதும் சுருங்கி அதை உள்ளே இழுக்கும். அந்த அசைவுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இதற்கு 1816இல் காப்புரிமை கேட்டவர் ராபர்ட் ஸ்டர்லிங். ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் அப்போதுதான் பாதிரியாராகப் பொறுப்பேற்றிருந்தார், வயது 25. அவர் காப்புரிமையின் உயிர்நாடி 'வெப்பச் சேமிப்பான்'. குளிர்ந்த பக்கம் போகும் காற்றின் வெப்பத்தை வாங்கி வைத்து, திரும்பி வரும்போது கொடுத்துவிடும். உங்கள் டின்னுக்குள் உருளையாகச் சுருட்டிப் போடும் பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் ஓரளவு அந்த வேலையையே செய்கிறது.

1818இல் அவருடைய இன்ஜின் ஒரு கல்குவாரியில் நீர் இறைத்தது. ஆனால் சூடேறும் அடிப்பாகம் அளவுக்கு மீறிக் காய்ந்து, காற்றழுத்தத்தில் நசுங்கிவிட்டது. 1843இல் தம்பி ஜேம்ஸ், டண்டீ நகர வார்ப்பாலையில் பெரிய இன்ஜின் ஒன்றை ஓட்டினார். நிலக்கரிச் செலவு குறைந்தது. ஆனால் நெருப்பில் காயும் சிலிண்டர் மீண்டும் மீண்டும் பழுதானது. 1847 வாக்கில் அங்கே நீராவியே திரும்பி வந்தது.

நல்ல எஃகை மலிவாகச் செய்யும் பெஸ்ஸமர் முறை 1856இல்தான் வந்தது. அந்த உலோகம் அன்றே கிடைத்திருந்தால் காற்று இன்ஜின் வென்றிருக்கும் என்று 1876இல் முதிய ஸ்டர்லிங் எழுதினார். இரண்டாண்டுகளில், 87 வயதில் மறைந்தார். கருத்தில் பிழையில்லை, அதைத் தாங்கும் இரும்புதான் அன்று இல்லை.

இனி உங்கள் டின்னுக்கு வருவோம். வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, உராய்வு. பலூனைக் கழற்றிவிட்டு விரலால் சக்கரத்தைச் சுண்டுங்கள். சில சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் உள் உருளை டின்னில் உரசுகிறது, அல்லது கம்பி கோணலாக இருக்கிறது. சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

இரண்டு, கசிவு. அடியைச் சூடாக்கிவிட்டு, உருளையைக் கையால் மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஏற்றினால் பலூன் உப்ப வேண்டும், இறக்கினால் தளர வேண்டும். அசைவே இல்லையென்றால் எங்கோ காற்று போகிறது. பெரும்பாலும் கம்பி நுழையும் துளைதான் குற்றவாளி. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

மூன்று, கோணம். கிராங்க் கம்பியில் உருளைக்கான வளைவும் பலூனுக்கான வளைவும் 90 பாகை விலகி இருக்க வேண்டும்.

நான்கு, குளிர்ச்சி. ஓடவில்லையென்றால் எல்லோரும் நெருப்பைத்தான் கூட்டுகிறார்கள். இந்த இன்ஜின் ஓடுவது வெறும் சூட்டால் அல்ல, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால். மேலே உள்ள நீரை மாற்றுங்கள், ஐஸ் போடுங்கள். நெருப்பைக் கூட்டாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். 1818இன் கதை உங்கள் வீட்டிலேயே நடக்கும்!

தோற்றதாக நினைத்த அந்த இன்ஜின் பிறகு என்ன ஆனது தெரியுமா? மின்சாரம் இல்லாத ஊர்களில் ரேடியோ கேட்க, ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1930களில் அதைக் கையிலெடுத்தது. 1996 முதல் சுவீடனின் காட்லாந்து வகை நீர்மூழ்கிகள் மேலே வராமலே வாரக்கணக்கில் நீருக்கடியில் இருப்பதும் இந்த இன்ஜினால்தான்.

எனவே பிள்ளையிடம் "உனக்கு சயின்ஸ் வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்பு இருப்பதால் பக்கத்திலேயே இருங்கள். ஓடினால் வீடியோ அனுப்புங்கள். ஓடாவிட்டாலும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வாழ்க வளமுடன்.