சைரந்திரி வனம்

நீலகிரிக்குத் தென்மேற்கே, கேரள நாட்டுப் பாலக்காட்டு மாவட்டத்திலே, குந்திப்புழை பாயும் பள்ளத்தாக்கு ஒன்று உளது. ஆங்கிலேயர் அதனை அமைதிப் பள்ளத்தாக்கு என்றனர். அவ்விடத்தாரோ சைரந்திரி வனம் என்பர். சைரந்திரி என்பது விராடன் மனையிலே பாஞ்சாலி பூண்ட பெயரன்றோ! பாண்டவர் மறைந்துறைந்த காடு இதுவே என்பது ஐதிகம். பாரதம் கூறும் விராட நாடு வடக்கே உள்ளதுதான். ஆயினும், ஆற்றுக்கு மாமியின் பெயரும் காட்டுக்கு மருமகளின் பெயரும் இட்டு வழங்கிய அன்பை இகழ்வதற்கில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் காணவியலாத சிங்கவால் குரங்கு இங்கே வாழ்கின்றது. வெடிப்பலா அதன் விருப்புணவு. தரையில் இறங்குவது அரிது. கிளையோடு கிளை கோத்துக் காடு நீண்டிருந்தாலன்றி அதற்கு வாழ்வில்லை.

அத்தகைய காட்டை 1970களில் நீர்மின் திட்டத்திற்காக அணைகட்டி நீரில் ஆழ்த்த முற்பட்டனர். சாஸ்திர சாகித்திய பரிஷத்தார் எதிர்த்தனர். கவிஞர் சுகதகுமாரி அம்மையார் மரத்துக்கே ஒரு துதி பாடினார். மின்சாரம் வேண்டுவோரும் மக்களே. ஆதலின் வழக்கு நெடிது நடந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் வனம் தேசியப் பூங்காவாயிற்று. குந்திப்புழை அவ்வனத்தினூடே தடையின்றி ஓடி, தூதப்புழை வழியாகப் பாரதப்புழையிற் சேர்கின்றது.