பி.ஏ. ஆங்கிலப் பட்டமும் நம் பிள்ளைகளும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நிருவாகக் குழுவினர் பணித்தபோது, மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுத நமக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுச் சுவர்களில் சட்டமிட்டு மாட்டப்பெறும் பட்டச் சான்றிதழின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம். அப்பட்டத்திற்கான தகுதிகள் எவ்வாறு வகுக்கப்பட்டன, எவ்வாறு மாறின, எந்தப் படியில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர் என்பவற்றை அறிதல் இனி வருவோர்க்குப் பயன்படும் என்பது நம் துணிபு.

பட்டம் பிறந்த வரலாறு

1835ஆம் ஆண்டு மெக்காலே எழுதிய குறிப்பு, அரசின் கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பியது. 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை பல்கலைக்கழகங்கள் தோன்ற வழிவகுத்தது. 1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. சென்னைக்குரிய சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நிறைவேறியது. இவை லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்தவை. அதாவது, பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே பல்கலைக்கழகத்தின் வேலை. எத்தனை ஆண்டு படித்தான் என்பதைவிட, எந்தத் தாளில் தேறினான் என்பதே பட்டத்தை முடிவு செய்தது. இவ்வுண்மையை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள், யாழ்ப்பாணத்தினின்றும் வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். ஆங்கில வழியில் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளையே பின்னாளில் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் கற்றவன் தமிழை மறப்பான் என்பார்க்கு இவர் வாழ்வே விடையாகும்.

அக்காலத்தில் பட்டம் பெற விரும்பியவன் மெட்ரிகுலேஷன், எப்.ஏ., பி.ஏ. என்னும் மூன்று படிகளை ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் ஆங்கிலம் கட்டாயம். கணிதத்தில் வல்லவனாயினும் ஆங்கிலத் தாளில் தவறினால் பட்டம் இல்லை. 'பி.ஏ. பெயில்' என்பதையும் ஒரு தகுதியாகச் சொல்லிக் குமாஸ்தா வேலை தேடினோர் அந்நாளில் பலர். 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின்னர் எப்.ஏ. மறைந்து, இன்டர்மீடியட் அவ்விடத்தைப் பெற்றது.

நாம் நின்ற இடம்

இம்மூன்று படிகளைப் பற்றி ஊரார் பேசிய காலத்தில், நம் முன்னோர்க்குத் திண்ணைப் பள்ளியின் திண்ணையே மறுக்கப்பட்டிருந்தது. விதிகளில் எங்கும் சாதி எழுதப்படவில்லை. ஆயினும் அரிச்சுவடியே எட்டாதவனுக்கு ஷேக்ஸ்பியர் எவ்வாறு எட்டுவார்? கிறித்தவ மிஷன் பள்ளிகளும், 1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளியும் முதற் கதவுகளைத் திறந்தன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி, நம் குறைகளை அரசின் செவிக்கு எட்டச் செய்தார்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் பயில இடம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றவர். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, பரோடா மன்னரின் மாத உதவித்தொகை 25 ரூபாயைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் வென்றார். அந்த 25 ரூபாய் இல்லையெனில் கொலம்பியா இல்லை, இலண்டனும் இல்லை. தம் வாழ்வில் கண்ட அவ்வுண்மையை அவர் மறக்கவில்லை. அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்திலேயே, 1944இல், ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. நம் பக்கத்தில், பி.ஏ., பி.எல். பயின்ற என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கி, 1945இல் சென்னை மேயராகவும் அமர்ந்தார்.

இன்றைய விதிகள்

1950களில் இன்டர்மீடியட் நீங்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கவே புகுமுக வகுப்பும் மறைந்தது. இன்று 12ஆம் வகுப்பில் தேறியவரே பட்டப் படிப்பிற் சேரலாம்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் பயில்வோர் முதற் பகுதியில் தமிழ் அல்லது வேறொரு மொழியையும், இரண்டாம் பகுதியில் பொது ஆங்கிலத்தையும் கற்க வேண்டும். மூன்றாம் பகுதியே முதன்மைப் பாடம். ஆங்கிலக் கவிதை, நாடகம், உரைநடை, ஷேக்ஸ்பியர், அமெரிக்க இலக்கியம், இந்தியர் எழுதிய ஆங்கில இலக்கியம், மொழி வரலாறு, திறனாய்வு என்பன இதில் அடங்கும். இங்கிலாந்தின் சமூக வரலாறு போன்றவை சார்புப் பாடங்களாகும். சுற்றுச்சூழல் கல்வி, விழுமக் கல்வி முதலியனவும், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற தொண்டுகளும் எஞ்சிய பகுதிகள். சென்னைப் பல்கலைக்கழக முறைப்படி ஆறு பருவங்களில் 140 மதிப்புப்புள்ளிகள் சேர வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 40 விழுக்காடு. வருகைப் பதிவு 75 விழுக்காடு.

இவ்விதிகள் எல்லார்க்கும் பொதுவானவையே. ஆயினும் அறுவடைக் காலத்தில் கூலிக்குச் செல்லும் பிள்ளைக்கு 75 விழுக்காடு என்பது வேறு கணக்கு. உதவித்தொகை தாமதமானால் தேர்வுக் கட்டணம் கட்டும் நாள் காத்திராது.

நாமும் இவ்வழியே வந்தவர்தாம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆங்கில இலக்கிய வகுப்பில் அமர்ந்த முதல் நாள், ஆசிரியர் சொன்னவற்றுள் நம் பெயரைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. முதலாண்டுக் கவிதைத் தாளில் இருமுறை தவறினோம். மூன்றாம் முறை தேறியதற்குக் காரணம், விடுதியில் உடன் தங்கியிருந்த மூத்த மாணவர் ஒருவர் இரவுதோறும் வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னதே. அந்த அண்ணன் இல்லையெனில், இக்கட்டுரையின் கீழே பி.ஏ., பி.எட். என்னும் எழுத்துகள் இரா.

தலைமையாசிரியராய் நாம் காணும் பெருங்குறை ஒன்றுண்டு. மூன்றாண்டுகள் படித்து முடித்தும், ஒன்றிரண்டு அரியர் தாள்களால் பட்டம் பெறாது நிற்போர் நம் தெருக்களில் இருக்கின்றனர். அவர்களுள் பலரை வீழ்த்தியது இரண்டாம் பகுதிப் பொது ஆங்கிலமே. முதன்மைப் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவரும் இத்தாளில் தவறினால், அரசுத் தேர்வாணையத்தின் முன்னும், பி.எட். சேர்க்கையிலும் பட்டதாரி அல்லர். அவர்களைக் கல்லூரி கணக்கில் வைப்பதில்லை. வீட்டாரோ படித்து முடித்துவிட்டதாகவே எண்ணுகின்றனர்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். முதலாவது, இவ்வாறு நிற்போரின் பெயரையும் நிலுவைத் தாள்களையும் வீடு வீடாகச் சென்று பதிவேட்டில் எழுதுக. பழைய பாடத்திட்டத்தில் தேர்வெழுதக் கால வரம்பு உண்டாதலின், இப்பணி இவ்வாண்டே தொடங்கப்பெறுதல் நன்று. இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் மாலைநேர ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்துக. ஞாயிறுதோறும் பாடம் சொல்ல நாம் ஆயத்தமாக உள்ளோம். பட்டம் பெற்ற ஏனையோரும் முன்வருவார்களாக.

ஒருவர் ஏறிய ஏணியை அடுத்தவர்க்காகப் பிடித்து நிற்பதே நம் முன்னோர் காட்டிய நெறி. பொன்விழா மலர் வெளிவரும்போது, அப்பதிவேட்டில் ஒரு பெயரும் எஞ்சாதிருக்கட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!